டிஸ்க் போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை: /டெவ் டைரக்டரியில் மிச்சம் கிடப்பதைத் துடைப்பது எப்படி

சர்வரிலிருந்து டிஸ்க்கை எடுத்தாயிற்று, ஸ்டோரேஜ் பக்கமும் கழற்றிவிட்டார்கள், டிக்கெட்டையும் மூடிவிட்டார்கள். ஆனால் ‘எல்எஸ்பிஎல்கே’ (டிஸ்க்குகளைப் பட்டியல் போடும் கட்டளை) தட்டிப் பார்த்தால் எஸ்டிசி என்ற அந்த டிஸ்க்கின் பெயர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ‘பிவிஎஸ்’ தட்டினால் அரை நிமிடம் யோசித்துவிட்டு இன்புட்/அவுட்புட் எரர் என்று நாலு வரி துப்புகிறது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர் பெயர் ரேஷன் கார்டில் இருப்பது மாதிரி. சாதனங்களின் பெயர்கள் ஃபைல்களாக இருக்கிற /டெவ் டைரக்டரியிலிருந்து இதை எப்படி ஒழுங்காக நீக்குவது என்பதுதான் விஷயம். பெரும்பாலும் லினக்ஸை வைத்துச் சொல்கிறேன், கடைசியில் சோலாரிஸ், ஏஐஎக்ஸ், எச்பி-யூஎக்ஸ் என்ற யூனிக்ஸ்கள் மூன்றையும் ஒரு நடை பார்த்துவிடலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை இங்கே காதில் விழுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன், ராத்திரி போனில் ஜூனியருக்குச் சொல்வது போல. தட்டும்போது ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். எல்லாமே ரூட்டாக இருந்து செய்யவேண்டியவை.

நிறைய பேர் முதலில் செய்கிற தப்பு, ‘ஆர்எம் /டெவ்/எஸ்டிசி’ என்று அந்த ஃபைலை அழிப்பது. அழியும், ஆனால் ஒன்றும் ஆகாது. ‘எல்எஸ் -எல் /டெவ்/எஸ்டிசி’ போட்டுப் பாருங்கள்: வரியின் முதல் எழுத்து ‘பி’, அதாவது பிளாக் டிவைஸ், சாதாரண ஃபைலுக்கு அளவு வருகிற இடத்தில் ‘8, 32’ என்று இரண்டு எண் இருக்கும். 8 என்பது எந்த டிரைவர், 32 என்பது அந்த டிரைவருக்குள் எத்தனையாவது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 16 எண் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் எஸ்டிஏ 0, எஸ்டிபி 16, எஸ்டிசி 32. அந்த ஃபைலுக்குள் இருப்பது இவ்வளவுதான். அதை அழித்தால் கர்னலுக்குள் (சிஸ்டத்தின் மையப் பகுதி) இருக்கிற டிஸ்க் அப்படியே இருக்கும், /சிஸ்/பிளாக் டைரக்டரியில் தெரியும், அதைக் கூப்பிட மட்டும் உங்களிடம் பெயர் இருக்காது. அப்புறம் ‘எம்க்நோட் /டெவ்/எஸ்டிசி பி 8 32’ என்று நீங்களே திரும்ப உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய யூனிக்ஸில், பழைய லினக்ஸிலும்கூட, /டெவ் என்பது டிஸ்க்கில் இருக்கிற நிஜமான டைரக்டரி. இல்லாத சாதனங்களுக்கும் சேர்த்து நூற்றுக்கணக்கில் ஃபைல் கிடக்கும். 2003-இல் பெயர்களைத் தானாக நிர்வகிக்கும் யூடெவ் வந்து, 2009-இல் கர்னல் 2.6.32-உடன் /டெவ்வைக் கர்னலே மெமரியில் வைத்திருக்கும் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் வந்த பிறகு, கர்னலுக்குத் தெரிந்த சாதனத்துக்கு மட்டும்தான் பெயர் முளைக்கிறது, சாதனம் போனால் பெயரும் போய்விடுகிறது. ஆகவே இன்றைய லினக்ஸில் எஸ்டிசி என்ற பெயர் நின்றால், ‘அந்த டிஸ்க் இருக்கிறது’ என்று கர்னல் இன்னும் நம்புகிறது என்று அர்த்தம். துடைக்க வேண்டியது அந்த நம்பிக்கையை.

யூஎஸ்பி என்றால் பிடுங்கியவுடன் கர்னலுக்குத் தெரிந்துவிடும். மவுண்ட் செய்த (ஒரு டைரக்டரியில் இணைத்த) நிலையில் பிடுங்கிவிட்டு மறுபடி செருகினால் எஸ்டிபி எஸ்டிசியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள், பழைய பெயரை யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அது. பழைய மவுண்டை ‘யூமவுண்ட்’ செய்தால் தீர்ந்தது. தலைவலி எல்லாம் சான் ஸ்டோரேஜில் (நெட்வொர்க் வழியாகப் பல சர்வர்களுக்கு டிஸ்க் கொடுக்கும் தனிப் பெட்டி) வருகிற லன்களில்தான், அதாவது அந்தப் பெட்டி எண் போட்டுக் கொடுக்கிற டிஸ்க்குகளில்தான். அங்கே ஸ்டோரேஜ்காரர் லன்னை எடுத்துவிட்டால், லினக்ஸ் தானாக எதையும் நீக்காது. லாகில் ஒரு எச்சரிக்கை மட்டும் போடும்: இந்த டார்கெட்டில் லன் ஒதுக்கீடு மாறியிருக்கிறது, ஸ்கஸி அடுக்கு (டிஸ்க்குகளோடு பேசும் கர்னல் பகுதி) அதைத் தானாக மாற்றிக்கொள்ளாது என்று. ‘டிமெஸ்ஜி’யில் அந்த வரியைப் பார்த்திருந்தும் கடந்து போனவர்களில் நானும் ஒருவன்.

அதனால் என்ன, சும்மா கிடந்துவிட்டுப் போகட்டுமே என்று விடவும் முடியாது. 5-ஆம் எண் லன்னை எடுத்துவிட்டார்கள், உங்கள் எஸ்டிசி நிற்கிறது. அடுத்த வாரம் வேறொரு புது லன்னை அதே 5-ஆம் எண்ணில் அதே சர்வருக்குக் கொடுக்கிறார்கள். இப்போது அந்தப் பழைய எஸ்டிசிக்குள் எழுதினால் அது புது லன்னில் போய் விழும். பழைய மவுண்ட், பழைய எல்விஎம் (டிஸ்க்குகளைக் குழுவாகச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் அடுக்கு), ஏதாவது ஒன்று மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் புது டேட்டா நாசம். எரர் வருவதுகூட நல்லதுதான், எரர் வராமல் எழுதுவதுதான் பயம்.

சரி, ஒழுங்கான வரிசை. மேலிருந்து கீழே வரவேண்டும்: அப்ளிகேஷன், ஃபைல்சிஸ்டம், எல்விஎம், மல்டிபாத் (ஒரே லன்னுக்குப் போகும் பல வழிகளை ஒரே டிஸ்க்காகக் காட்டுவது), ஒவ்வொரு பாதை, அதற்கப்புறம்தான் ஸ்டோரேஜ். ஸ்டோரேஜ்காரர் கடைசியில்தான் கை வைக்கவேண்டும், இதை டிக்கெட்டிலேயே எழுதிவிடுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் ‘மல்டிபாத் -எல்எல் எம்பாத்பி’ (எம்பாத்பி என்பது நம் லன்னுக்கு மல்டிபாத் வைத்த பெயர்) போட்டு வருவதை ஒரு ஃபைலில் சேமித்து வையுங்கள். அதில் மூன்று விஷயம் வேண்டும்: அடைப்புக்குறிக்குள் இருக்கிற நீளமான டபிள்யூடபிள்யூஐடி (லன்னின் தனி அடையாள எண்), டிஎம்-4 மாதிரி ஒரு பெயர் (வழிகளைச் சேர்த்த அந்த ‘மேப்’புக்குக் கர்னல் வைத்தது), அப்புறம் கீழே இப்படி வருகிற பாதைகள்:

1:0:0:5 எஸ்டிசி 8:32 ஆக்டிவ் ரெடி ரன்னிங்
2:0:0:5 எஸ்டிஎஃப் 8:80 ஆக்டிவ் ரெடி ரன்னிங்

ஒரே லன், இரண்டு வழி, அதனால் இரண்டு பெயர். நாலு வழி இருந்தால் நாலு. மல்டிபாத்தை நீக்கிய பிறகு எது எதற்குச் சொந்தம் என்று தேடினால் தலை சுற்றும், இப்போதே எழுதிவைத்தால் ஒரு நிமிட வேலை. டபிள்யூடபிள்யூஐடியை ஸ்டோரேஜ்காரரிடம் கொடுத்து ‘இதுதானே?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். லன் எண்ணை வைத்துப் பேசினால் ஆளுக்கொரு 5 இருக்கும்.

அப்புறம் மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க:

எல்எஸ் /சிஸ்/பிளாக்/டிஎம்-4/ஹோல்டர்ஸ்

காலியாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அதில் தெரிகிற டிஎம் பெயர்கள்தான் இதன் மேல் நிற்கிற எல்வி (எல்விஎம் பிரித்துக் கொடுத்த பகுதி) அல்லது பார்ட்டிஷன். மவுண்ட் ஆகியிருந்தால் ‘ஃப்யூசர் -விஎம் /டேட்டா’ என்று போட்டு யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அவர்களிடம் சொல்லி நிறுத்திவிட்டு யூமவுண்ட் செய்யுங்கள். பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்வது என்று சொல்கிற எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த வரியையும் கையோடு எடுத்துவிடுங்கள். இதை மறந்தால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரீபூட் செய்யும்போது சிஸ்டம்டி (பூட்டை நடத்தும் புரோகிராம்) அந்த டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், கன்சோல் பாஸ்வேர்டு யாரிடம் என்று அப்போது தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எல்விஎம் இருந்தால், இந்த டிஸ்க்கில் இருக்கிற டேட்டா வேண்டும் என்றால் ‘பிவிமூவ்’ போட்டு மற்ற டிஸ்க்குகளுக்கு நகர்த்தியபின்:

விஜிரெட்யூஸ் டேட்டாவிஜி /டெவ்/மேப்பர்/எம்பாத்பி
பிவிரிமூவ் /டெவ்/மேப்பர்/எம்பாத்பி

மொத்த விஜியுமே (எல்விஎம் சேர்த்து வைத்த டிஸ்க் குழு) போகிறது என்றால் முதலில் ‘விஜிசேஞ்ச் -ஏஎன்’, பிறகு ‘விஜிரிமூவ்’. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 மாதிரி புதிய வெர்ஷன்களில் எல்விஎம் தான் பார்க்கவேண்டிய டிஸ்க்குகளை /இடிசி/எல்விஎம்/டிவைசஸ் டைரக்டரியில் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. பழைய பெயர் அதில் நின்றால் ‘எல்விஎம்டிவைசஸ் --டெல்டெவ்’ என்று நீக்கவேண்டும்.

இனி மல்டிபாத்:

மல்டிபாத் -எஃப் எம்பாத்பி
மல்டிபாத் -டபிள்யூ டபிள்யூடபிள்யூஐடி

இங்கே எஃப் சின்ன எழுத்து. பெரிய எஃப் போட்டால் பயன்பாட்டில் இல்லாத எல்லா மேப்பையும் ஒரே மூச்சில் தூக்கிவிடும். ‘மேப் இன் யூஸ்’ என்று மறுத்தால் சண்டை போடாதீர்கள், ஹோல்டர்ஸை மறுபடி பாருங்கள், மேலே ஏதோ பாக்கி இருக்கிறது. இரண்டாவது கட்டளை, டபிள்யூடபிள்யூஐடிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஃபைலிலிருந்து இதை எடுத்துவிடும். மல்டிபாத் கான்ஃப் ஃபைலில் இந்த லன்னுக்குச் செல்லப்பெயர் வைத்திருந்தால் அந்தப் பகுதியையும் கையால் நீக்குங்கள்.

கடைசியில் ஒவ்வொரு பாதைக்கும்:

பிளாக்டெவ் --ஃப்ளஷ்பஃப்ஸ் /டெவ்/எஸ்டிசி
எக்கோ 1 > /சிஸ்/பிளாக்/எஸ்டிசி/டிவைஸ்/டெலிட்

எஸ்டிஎஃப்-க்கும் இதே இரண்டு. எக்கோ வரியைத் தட்டும்போது எழுத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள், ஏனென்றால் அது ‘நிச்சயமா?’ என்று கேட்காது. மவுண்ட் ஆகியிருக்கிற டிஸ்க்காக இருந்தாலும் சத்தமில்லாமல் தூக்கிவிடும். சும்மா இருக்கும்போது எஸ்டிசிக்கும் எஸ்டிடிக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும், ராத்திரி 2 மணிக்குத் தெரியாது. தப்பாகத் தூக்கிவிட்டால் அந்த எச்பிஏவின் (சர்வரை ஸ்டோரேஜோடு இணைக்கும் கார்டு) ‘ஸ்கேன்’ ஃபைலில் மூன்று கோடு எழுதினால் டிஸ்க் திரும்பி வரும், ஆனால் அதன் மேல் ஓடிக்கொண்டிருந்தவை கீழே விழுந்தது விழுந்ததுதான். என்விஎம்இ டிஸ்க்குகளுக்கு இந்த டெலிட் ஃபைல் கிடையாது, அவற்றுக்கு ‘/சிஸ்/கிளாஸ்/என்விஎம்இ/என்விஎம்இ1/டிவைஸ்/ரிமூவ்’. விர்ச்சுவல் மெஷினில் சேர்த்த டிஸ்க்கானாலும் இதே வரிசைதான்: உள்ளே டெலிட் செய்துவிட்டு, பிறகு ஹைப்பர்வைசரில் எடுங்கள்.

இப்போது எல்எஸ்பிஎல்கேயில் எஸ்டிசியும் எஸ்டிஎஃப்பும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஸ்டோரேஜ்காரரைக் கூப்பிட்டு ‘இனி நீங்கள் எடுக்கலாம்’ என்று சொல்லுங்கள்.

இது நல்ல நாளில். கெட்ட நாளில் ஸ்டோரேஜ் முதலில் போய்விடும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அப்படி ஒரு ராத்திரி. லன்னை எடுத்தபிறகுதான் எங்களுக்கு மெயிலே வந்தது. சர்வரில் லோடு ஆவரேஜ் 200-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, சிபியுவோ சும்மா இருக்கிறது. ‘டிஎஃப்’ (டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று காட்டும் கட்டளை) தட்டினேன், நின்றுவிட்டது. கண்ட்ரோல் சி வேலை செய்யவில்லை. இன்னொரு விண்டோவில் பிஎஸ் போட்டுப் பார்த்தால், கண்காணிப்பு ஏஜெண்ட் நிமிடத்துக்கு ஒரு டிஎஃப் கிளப்பிவிட்டு, அத்தனையும் நிலைப் பத்தியில் பெரிய ‘டி’ போட்டு வரிசையாக நிற்கின்றன. ‘டி’ என்றால் அவை ஐஓவுக்காக (டிஸ்க்கில் படிப்பது, எழுதுவது) காத்திருக்கின்றன, கில் -9 அடித்தாலும் சாகாது. மல்டிபாத் அமைப்பில் பாதை எதுவும் இல்லாவிட்டால் வரிசையில் நில் என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள், அவையும் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றுகொண்டிருந்தன. அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ரீபூட். அதுவும் பாதியில் நின்று, பவர் பட்டன் வரைக்கும் போனது.

அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரி என்று பிறகுதான் கற்றேன்:

டிஎம்செட்அப் மெசேஜ் எம்பாத்பி 0 ஃபெயில்_இஃப்_நோ_பாத்

‘பாதை இல்லை என்றால் காத்திருக்காதே, எரர் கொடுத்துவிடு’ என்று அந்த மேப்புக்குச் சொல்கிறோம். சொன்னதும் வரிசையில் நின்ற ஐஓ எல்லாம் எரராகத் திரும்பும், டி நிலையில் இருந்தவை கலையும், லோடு மளமளவென்று இறங்கும். எழுதாமல் நின்ற டேட்டா போய்விடும் என்பது உண்மை, ஆனால் லன்னே போனபிறகு அது எங்கே போய் விழப்போகிறது? ஒன்றைமட்டும் முதலில் உறுதி செய்யுங்கள், லன் நிஜமாகவே நிரந்தரமாகப் போய்விட்டதா, இல்லை ஃபைபர் கேபிள் லூஸாகி இரண்டு நிமிடத்தில் திரும்பப் போகிறதா என்று. இரண்டாவது என்றால் காத்திருக்க விடுவதுதான் சரி.

அதற்கப்புறம் யூமவுண்ட். மறுத்தால் ‘யூமவுண்ட் -எல்’ என்று பலரும் சொல்வார்கள். அது டைரக்டரி மரத்திலிருந்து மறைக்கத்தான் செய்கிறது, திறந்து வைத்திருக்கிற புரோசஸ் மூடும்வரை கீழே பிடி விடாது, கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். எல்விஎம் கட்டளைகள் இந்த நிலையில் டிஸ்க்கைப் படிக்க முயன்று தோற்கும், ஆகவே நேராக டிவைஸ் மேப்பரிடம் (எல்விஎம், மல்டிபாத் இரண்டுக்கும் அடியில் இருக்கிற கர்னல் பகுதி) போகவேண்டும். ‘டிஎம்செட்அப் எல்எஸ் --ட்ரீ’ போட்டால் எதன் மேல் எது என்று மரமாகக் காட்டும். உச்சியில் இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாக:

டிஎம்செட்அப் ரிமூவ் டேட்டாவிஜி-எல்வி1

விஜி பெயருக்குள்ளேயே ஒரு கோடு இருந்தால் இங்கே அது இரட்டைக் கோடாகத் தெரியும், ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று வந்தால் முதலில் அதைப் பாருங்கள். எல்வி போனபிறகு மல்டிபாத் -எஃப், பிறகு ஒவ்வொரு பாதைக்கும் அந்த எக்கோ வரி. ஃப்ளஷ்பஃப்ஸ் இப்போது தேவையில்லை. மற்ற டிஸ்க்குகள் உயிரோடு இருக்கிற விஜியில் ஒன்று மட்டும் செத்திருந்தால் ‘விஜிரெட்யூஸ் --ரிமூவ்மிஸ்ஸிங் டேட்டாவிஜி’. அதில் எல்வி ஏதாவது இருந்தால் மறுக்கும், --ஃபோர்ஸ் சேர்த்தால் அந்த எல்வியையும் சேர்த்து நீக்கும், அதனால் யோசித்து.

‘ரீஸ்கேன்-ஸ்கஸி-பஸ்’ என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, -ஆர் கொடுத்தால் செத்தவற்றைத் தானே நீக்கும். டெஸ்ட் மெஷினில் வசதிதான். நிறைய லன் இருக்கிற புரொடக்‌ஷனில் நான் அதைத் தொடுவதில்லை, எதை நீக்குகிறோம் என்று பெயர் சொல்லி நீக்குவதுதான் எனக்குத் தூக்கம் வரும் வழி.

/டெவ் டைரக்டரியில் இன்னொரு வகை மிச்சமும் இருக்கும், பார்க்க டிஸ்க் மாதிரியே இருக்கும், ஆனால் டிஸ்க் இல்லை. பென்டிரைவில் ஐஎஸ்ஓ எழுத ‘டிடி’ என்ற காப்பி கட்டளையில் ‘ஓஎஃப்=/டெவ்/எஸ்டிடி’ என்று கொடுக்கிறீர்கள், ஆனால் அந்தப் பென்டிரைவை அதற்குள் யாரோ பிடுங்கிவிட்டார்கள். டிடி புலம்பாது. அந்தப் பெயரில் ஒரு சாதாரண ஃபைலை உண்டாக்கி அதற்குள் எழுதிவிட்டு, இவ்வளவு ஜிபி காப்பி ஆனது என்று பெருமையாகச் சொல்லும். பென்டிரைவுக்கு இது அதிசய வேகமாயிற்றே என்று நீங்கள் நினைப்பீர்கள். வேகமாகத்தான் இருக்கும், அது எழுதியது ரேமில். டெவ்டிஎம்பிஎஃப்எஸ் இருப்பது மெமரியில், பல சிஸ்டங்களில் ரேமில் பாதிவரை அதற்கு இடம் உண்டு. சில புதிய டிஸ்ட்ரோக்களில் 4 எம்பிதான் கொடுத்திருக்கிறார்கள், அங்கே இடம் இல்லை என்று உடனே நின்றுவிடும், நல்ல ஏற்பாடு.

கண்டுபிடிக்க:

ஃபைண்ட் /டெவ் -எக்ஸ்டெவ் -டைப் எஃப்

இதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் எல்எஸ் -எல் போட்டு முதல் எழுத்து ‘பி’க்குப் பதில் வெறும் கோடாக இருக்கிறதா, எண்ஜோடிக்குப் பதில் பெரிய அளவு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் தாராளமாக ஆர்எம் செய்யலாம். ஆர்எம் சரியான விடையாக இருக்கிற இடம் இதுதான். -எக்ஸ்டெவ் ஏன் என்றால், /டெவ்/எஸ்எச்எம் தனி மவுண்ட், அதில் டேட்டாபேஸ்கள் வைத்திருக்கிற ஃபைல்கள் நியாயமானவை, அவற்றில் கை வைக்காதீர்கள். இதே கூத்து பழைய யூனிக்ஸில் டேப்பில் நடக்கும். டேப் டிரைவ் இல்லாத மெஷினில், அல்லது பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ என்று தட்டிவிட்டு, /டெவ்/ஆர்எம்டி-க்கு டார் எடுப்பார்கள். அங்கே /டெவ் ரூட் ஃபைல்சிஸ்டத்திலேயே இருப்பதால் காலையில் ரூட் 100 சதவீதம் நிரம்பியிருக்கும், பேக்கப் வெற்றி என்று மெயிலும் வந்திருக்கும்.

சரி, மற்ற வீடுகள், அதாவது மற்ற யூனிக்ஸ்கள். சோலாரிஸில் /டெவ்/டிஎஸ்கே, /டெவ்/ஆர்டிஎஸ்கே இரண்டிலும் இருப்பவை வெறும் இணைப்புகள், நிஜமான நோடு /டிவைசஸ் மரத்தில் இருக்கிறது. டிஸ்க் போனபின் இணைப்பு அந்தரத்தில் தொங்கும், ‘ஃபார்மேட்’ தட்டினால் ‘டிரைவ் நாட் அவைலபிள்’ என்று பட்டியலில் நிற்கும். முதலில் ‘சிஎஃப்ஜிஏடிஎம் -ஏஎல்’ பாருங்கள். போன லன்கள் ‘அன்யூசபிள்’ அல்லது ‘ஃபெயிலிங்’ என்று காட்டினால்:

சிஎஃப்ஜிஏடிஎம் -சி அன்கான்ஃபிகர் -ஓ அன்யூசபிள்_ஸ்கஸி_லன் சி2::டபிள்யூடபிள்யூஎன்
டெவ்எஃப்எஸ்ஏடிஎம் -சிவி

முதல் வரியில் ‘ஸ்கஸி’, ‘லன்’ இரண்டும் பெரிய எழுத்தில்; டபிள்யூடபிள்யூஎன் என்ற இடத்தில் ஸ்டோரேஜ் போர்ட்டின் அடையாள எண். இரண்டாவது வரியில் ‘சி’ மட்டும் பெரியது, தொங்குகிற இணைப்புகளைத் துடை என்று அர்த்தம்; வி போட்டால் எதையெல்லாம் துடைத்தது என்று சொல்லும், எப்போதும் போடுங்கள். சோலாரிஸ் 8-க்கு முந்தைய காலத்தில் இதே வேலைக்கு டிரைவ்கான்ஃபிக், டிஸ்க்ஸ், டெவ்லிங்க்ஸ் என்று தனித்தனியாக ஓட்ட வேண்டியிருந்தது. /இடிசி/பாத்_டு_இன்ஸ்ட் ஃபைலில் பழைய வரிகள் நின்றால் நிற்கட்டும், அதைக் கையால் திருத்தி மெஷின் பூட் ஆகாமல் போவதைவிட நாலு வரி கூடுதலாக இருப்பது மேல்.

ஏஐஎக்ஸில் எல்லாம் ஓடிஎம் என்ற உள் டேட்டாபேஸில். ‘எல்எஸ்டெவ் -சிசி டிஸ்க்’ (முதல் சி பெரியது) போட்டால் உயிரோடு இருப்பவை ‘அவைலபிள்’, ரீபூட்டுக்குப் பின் காணாமல் போனவை ‘டிஃபைண்ட்’. விஜியிலிருந்து ரெட்யூஸ்விஜி போட்டு எடுத்தபின், அல்லது மொத்தத்தையும் வேரிஆஃப், எக்ஸ்போர்ட் செய்தபின்:

ஆர்எம்டெவ் -டிஎல் எச்டிஸ்க்4

டி இல்லாமல் ஓட்டினால் டிஃபைண்ட் நிலைக்குத் தள்ளிவிட்டு நின்றுவிடும், பெயர் போகாது. டிஸ்க் இருக்கிறது, ஒரு பாதை மட்டும் செத்தது என்றால் ‘எல்எஸ்பாத்’ பார்த்துவிட்டு ‘ஆர்எம்பாத்’. ஸ்டோரேஜில் இன்னும் எடுக்கவில்லை என்றால் அடுத்த ‘சிஎஃப்ஜிஎம்ஜிஆர்’ ஓடியதும் எச்டிஸ்க்4 திரும்பி வந்து நிற்கும். அதில் மர்மம் எதுவும் இல்லை.

எச்பி-யூஎக்ஸில் ‘ஐஓஸ்கேன் -எஃப்என்சி டிஸ்க்’ (கடைசி சி பெரியது). ‘நோ_எச்டபிள்யூ’ என்று வருகிற வரிகள்தான் போனவை. ஆனால் அந்த நேரத்தில் எட்டாமல் இருக்கிற டிஸ்க்கும் அப்படித்தான் காட்டும், சுவிட்ச் மெயின்டனன்ஸ் நடக்கும்போது துடைக்க உட்காராதீர்கள். உறுதியானால் ‘ஆர்எம்எஸ்எஃப் -எச்’ (எச் பெரியது) போட்டு அந்த ஹார்டுவேர் பாத்தைக் கொடுங்கள், அதைச் சேர்ந்த எல்லா ஃபைலும் போகும். 11ஐ வி3-இல் பெயர்கள் /டெவ்/டிஸ்க்/டிஸ்க்14 என்று மாறிவிட்டன, அங்கே ‘எல்எஸ்எஸ்எஃப் -எஸ்’ கெட்டுப்போனவற்றைப் பட்டியல் போடும், ‘ஆர்எம்எஸ்எஃப் -எக்ஸ்’ அவற்றை மொத்தமாக நீக்கும். பட்டியலை முதலில் ஒரு ஃபைலில் எடுத்து வைத்துவிட்டு நீக்குங்கள். உயிரோடு இருக்கிற டிஸ்க்கின் ஃபைலைக் கைதவறி நீக்கிவிட்டால் பதற வேண்டாம், ‘இன்எஸ்எஃப் -இ’ ஓட்டினால் திரும்ப உண்டாக்கிக் கொடுத்துவிடும்.